விஸ்லரில் ஆறு நாள்: இறங்கும் வழியை முதலில் பாருங்கள்

டொரண்டோவுக்கு அருகே வசிக்கும் நாங்கள், மூன்று குளிர்காலங்களாகப் பிள்ளைகளுடன் பனிச்சறுக்குக்குப் போய்வருகிறோம். இதுவரை நாங்கள் அறிந்திருந்ததெல்லாம் ஒண்டாரியோவின் சிறு குன்றுகள்தாம். அவற்றில் பெரியதாகப் பேசப்படும் புளூ மவுண்டனிலேயே உச்சிக்கும் அடிவாரத்துக்கும் இடையிலான உயரம் சுமார் 220 மீட்டர்தான். அந்தப் பழக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, மார்ச் மாதப் பள்ளி விடுமுறையில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் விஸ்லர் பிளாக்கோம்புக்கு ஆறு நாள் பயணமாகப் போனோம். நானும் மனைவியும், பன்னிரண்டு வயது மகளும் எட்டு வயது மகனும். திரும்பும்போது மனைவியின் இடது முழங்காலில் கட்டுப்பட்டை இருந்தது. அந்தக் காயத்துக்கு மலையோ பனியோ காரணமல்ல, நான் எடுத்த ஒரு முடிவே காரணம் என்று இன்றும் உறுதியாக நினைக்கிறேன். முதன்முறையாகப் பெரிய மலைக்குப் போகும் குடும்பங்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில், நடந்ததையும் கற்றதையும் எழுதுகிறேன்.

முதலில் அந்த மலையின் அளவைச் சொல்ல வேண்டும். விஸ்லர், பிளாக்கோம்ப் என்பவை அருகருகே நிற்கும் இரு மலைகள். ஒன்று 1966இலும் மற்றொன்று 1980இலும் பனிச்சறுக்குக்குத் திறக்கப்பட்டன. இன்று இரண்டும் சேர்ந்து 8,171 ஏக்கர் பரப்பும் இருநூறுக்கு மேற்பட்ட சறுக்குப் பாதைகளும் கொண்ட ஒரே வளாகம். அடிவாரக் கிராமம் கடல் மட்டத்திலிருந்து 675 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கம்பியில் தொங்கி ஆட்களை மேலேற்றும் லிஃப்ட் கொண்டுவிடும் உச்சி விஸ்லரில் 2,182 மீட்டர், பிளாக்கோம்பில் 2,284 மீட்டர். அதாவது மேலிருந்து கீழே வர ஏறத்தாழ 1,600 மீட்டர் இறங்க வேண்டும். மிக நீண்ட பாதை 11 கிலோமீட்டர். சிறு குன்றில் இரண்டு மூன்று நிமிடத்தில் கீழே வந்துவிடுவோம், அதன்பின் வரிசையில் நிற்கும்போதும் நாற்காலி லிஃப்டில் அமர்ந்திருக்கும்போதும் கால்கள் ஓய்வெடுத்துக்கொள்ளும். பெரிய மலையில் அந்த ஓய்வு தானாகக் கிடைக்காது. தொடைகள் எரியத் தொடங்கிய பிறகும் பாதை நீண்டுகொண்டே போகும். வரைபடத்தைப் பார்க்கும்போது இதை நான் உணரவில்லை.

உயரம் என்றதும் மூச்சுத் திணறுமோ என்று ஊரிலிருந்து வந்த உறவினர் ஒருவர் கேட்டார். விஸ்லரின் உச்சி நம் உதகமண்டலத்தின் உயரத்தை ஒட்டியதுதான். 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவைவிடத் தாழ்ந்தது. கொலராடோவின் பனிச்சறுக்குத் தலமான பிரெக்கன்ரிட்ஜில் ஊரே 2,900 மீட்டருக்கு மேல் இருப்பதால் அங்கே முதல் இரண்டு நாள் தலைவலியும் தூக்கமின்மையும் பலருக்கு வரும். இங்கே அந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. ஊட்டி உயரத்தில் இவ்வளவு பனி எப்படி என்றால், இடம் ஐம்பதாவது வட அட்சரேகையில் இருக்கிறது, பசிபிக் பெருங்கடலின் ஈரக்காற்று நேராக வந்து இம்மலைகளில் மோதுகிறது. அந்த ஈரம்தான் இம்மலைக்கு வரமும் சோதனையும்.

கடலோர மலையில் வானிலை மாடி மாடியாக இருக்கும். முதல் நாள் காலை விடுதிச் சன்னலைத் திறந்தபோது கிராமத்தில் மழை கொட்டியது. பணமெல்லாம் வீணாயிற்றே என்று மகள் கண்கலங்கினாள். பக்கத்து அறைக்காரர் ஒருவர், “உறைநிலை உயரம் எவ்வளவு என்று பாருங்கள், மழையைப் பார்க்காதீர்கள்” என்றார். எந்த உயரத்துக்கு மேல் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே போகிறதோ அதுவே உறைநிலை உயரம். அன்றைக்கு அது 1,200 மீட்டர். கம்பியில் தொங்கிச் செல்லும் மூடிய பெட்டியான கொண்டோலாவில் ஏறினோம். முதலில் கண்ணாடியில் மழைத்துளி, பிறகு ஈரப்பனி, பிறகு எதுவுமே தெரியாத வெண்மூட்டம், சுமார் 1,850 மீட்டரில் இருக்கும் ரவுண்ட்ஹவுஸ் நிலையத்தை அடைந்தபோது மேகம் காலுக்குக் கீழே கிடந்தது, மேலே வெயில். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறேழு பாகை குளிர்ச்சி கூடும் என்பதைப் பள்ளியில் படித்திருக்கிறோம், அன்றுதான் உடம்பில் உணர்ந்தோம். ஆகவே காலையில் சன்னலைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். மலையின் தினசரி அறிக்கையில் உறைநிலை உயரத்தையும் உச்சியின் காற்று வேகத்தையும் பாருங்கள். 2010 குளிர்கால ஒலிம்பிக்கின் மலைச்சரிவுப் பந்தயங்கள் இங்குதான் நடந்தன. ஆண்களுக்கான டவுன்ஹில் பந்தயமே வானிலையால் இரண்டு நாள் தள்ளிப்போனது. எங்கள் முதல் நாளுக்கு நேர்மாறாக, மேலே மூட்டம் சூழ்ந்து வெளிச்சம் தட்டையாகிப் பள்ளமும் மேடும் ஒன்றாகத் தெரியும் நாளும் வரும். அப்போது உச்சியின் வெட்டவெளியை விட்டுவிட்டு, இருபுறமும் மரங்கள் உள்ள தாழ்வான பாதைகளுக்கு வந்துவிட வேண்டும். கரும்பச்சை மரங்கள் பக்கத்தில் இருந்தால்தான் சரிவு எப்பக்கம் போகிறது என்று கண்ணுக்குப் பிடிபடும்.

உடையைப் பற்றி இரண்டு வரி போதும். பருத்தி வேண்டாம், வேர்வையில் நனைந்தால் காயாது, நின்ற இடத்தில் குளிர் பிடித்துவிடும். மெல்லிய கம்பளி உள்ளாடை, அதன்மேல் ஒரு கதகதப்பான அடுக்கு, அதற்கு மேல் நீர் புகாத மேற்சட்டை. கையுறை ஒரு ஜோடி கூடுதலாகப் பையில் இருக்கட்டும். வெயில் நாளில் பனி ஒளியைத் திருப்பி அடிக்கும் என்பதால் மூக்கின் அடியிலும் தாடையின் அடியிலும்கூட சன்ஸ்கிரீன் பூச வேண்டும்.

ஆனால் ஸ்கீ எனும் நீண்ட சறுக்குப்பலகையோடு பிணைக்கும் பூட்ஸ் விஷயத்தில் அவசரப்படக் கூடாது. பெரும்பாலான குடும்பங்களின் முதல் நாள் வீணாவது இதில்தான். வாடகைக் கடையில் கூட்டமாக இருந்ததால், மகள் “சரியாக இருக்கிறது” என்றதும் நான் நகர்ந்துவிட்டேன். அவள் குளிருக்குப் பயந்து இரண்டு காலுறை அணிந்திருந்தாள் என்பதைக் கவனிக்கவில்லை. மலையில் ஒரு மணி நேரம் கழித்து, “அப்பா, நான் திரும்பினாலும் ஸ்கீ திரும்பவே மாட்டேங்குது” என்றாள். பூட்ஸுக்குள் குதிகால் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது; கால் திரும்பியது, பூட்ஸ் திரும்பவில்லை. மதியம் கீழே வந்து மாற்றினோம். அங்கிருந்த அனுபவமுள்ள பெண் ஊழியர் ஒருவர் தரையில் அமர்ந்து அவளுக்குச் சொல்லிக்கொடுத்த முறையை நான் அப்படியே மனத்தில் பதித்துக்கொண்டேன்.

ஸ்கீ பூட்ஸின் அளவு, பாதத்தின் நீளத்தைச் சென்டிமீட்டரில் குறிப்பது. நேராக நிமிர்ந்து நிற்கும்போது பெருவிரல் நுனி முன்பக்கத்தை உரச வேண்டும்; முழங்காலை முன்னே மடக்கினால் விரல் சற்றுப் பின்வாங்கிக் குதிகால் பின்பக்கக் குழியில் அமர்ந்துவிட வேண்டும். மடக்கிய பிறகும் விரல் நசுங்கினால் சிறியது. நிமிர்ந்து நிற்கும்போதே விரல் எங்கும் தொடவில்லை என்றால் பெரியது. ஒரே ஒரு மெல்லிய நீளக் காலுறை மட்டும் போட வேண்டும். உள்ளாடையின் விளிம்பைப் பூட்ஸுக்குள் திணிக்கக் கூடாது, திணித்தால் முன்னெலும்பில் மடிப்பு அழுத்தி மாலைக்குள் கன்றிவிடும். கொக்கிகளைப் பூட்டுமுன் குதிகாலைத் தரையில் இரண்டு முறை தட்டிப் பின்னே அமரச் செய்ய வேண்டும். கணுக்காலுக்கு மேலுள்ள கொக்கிகள் இறுக்கமாக இருக்கட்டும், பாதத்தின் மேலுள்ளவை லேசாகப் பிடித்தால் போதும். பாதத்தை அதிகமாக இறுக்கினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு விரல்கள் மரத்துப்போகும். குளிர்கிறது என்று பிள்ளைகள் சொல்வது பல நேரம் இதனால்தான். புதிய பூட்ஸில் அவள் எழுந்து நின்று, முழங்காலை முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தபோது முகம் மலர்ந்ததை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். முடிந்தால் முந்திய நாள் மாலையே வாடகைப் பொருட்களை எடுத்துவிடுங்கள். காலை வரிசையில் யாருக்கும் பொறுமை இருக்காது.

அதே கடையில் ஒரு படிவம் தருவார்கள். எடை, உயரம், வயது, எவ்வளவு பழகியவர் என்று கேட்கும். பூட்ஸை ஸ்கீயோடு பிணைக்கும் பைண்டிங் எந்த விசையில் கழன்றுகொள்ள வேண்டும் என்பதை இந்த விவரங்களோடு பூட்ஸின் அடிநீளத்தையும் வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். எடையைக் குறைத்தோ திறமையைக் கூட்டியோ எழுதுவது கூச்சத்துக்காகச் செய்யும் சிறு பொய் அல்ல. விழும்போது கழல வேண்டியது கழலாமல் போகும், கழலக் கூடாதது நடுவழியில் கழலும்.

பிள்ளைகளை இரண்டு நாள் பயிற்சி வகுப்பில் சேர்த்தோம். நாமே சொல்லிக்கொடுத்தால் ஆகாதா என்று எனக்கும் தோன்றியது. ஆகாது என்பதே என் முடிவு. விஸ்லரின் நடுவழியில் ஒலிம்பிக் ஸ்டேஷன் என்ற நிலையம் இருக்கிறது. அங்கே நகரும் விரிப்பில் நின்றபடியே மேலேறி, மிதமான சரிவில் பழகலாம். பயிற்றுநர் பிள்ளைகளுக்குத் தந்தது இரண்டே சொற்கள்: பீட்சா, பிரெஞ்சு ஃபிரைஸ். ஸ்கீயின் முன்நுனிகளைச் சேர்த்துப் பின்பக்கத்தை விரித்தால் பீட்சாத் துண்டு, வேகம் குறையும். இரண்டையும் இணையாக வைத்தால் உருளைக்கிழங்குக் குச்சிகள், வேகம் கூடும். வகுப்பின் முதல் அரைமணி நேரம் முழுவதும் நிற்பதற்கும், பக்கவாட்டில் விழுந்து எழுவதற்கும்தான் போயிற்று. மகன் இருபது முறையாவது விழுந்திருப்பான். அந்த அரைமணி நேரத்தில் கிடைத்த துணிவுதான் ஆறு நாளும் அவனைக் கொண்டுசென்றது.

பாதைகளின் நிறக்குறிகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பச்சை வட்டம் எளிது, நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் கடினம், இரட்டைக் கறுப்பு வைரம் வல்லுநருக்கு. ஆனால் இந்தத் தரம் ஒவ்வொரு மலையும் தன் பாதைகளைத் தனக்குள் ஒப்பிட்டு வைத்துக்கொள்வது. ஒண்டாரியோவில் நீலத்தில் தயக்கமின்றிப் போன நான், விஸ்லரின் முதல் நீலத்தில் நடுவழியில் நின்று மூச்சு வாங்கினேன். நீங்கள் வழக்கமாகப் போகும் நிறத்துக்கு ஒரு படி கீழே தொடங்குவதே முறை. எங்களுக்கு ஒத்துவந்த இடம், ரவுண்ட்ஹவுஸுக்குக் கீழே எமரால்டு என்ற நாற்காலி லிஃப்டைச் சுற்றியுள்ள பகுதி. பச்சையும் மிதமான நீலமும் அங்கே கலந்திருக்கின்றன. ஒரே லிஃப்டுக்குத் திரும்பத் திரும்ப வருவதால் பிள்ளைகள் தவறிப்போகும் அச்சமும் இல்லை. மூன்றாம் நாள், மலையின் பின்புறமாக வளைந்துவரும் பர்ன்ட் ஸ்டூ என்ற நீண்ட பச்சைப் பாதையில் போனோம். முன்னொரு காலத்தில் அங்கே முகாமிட்டவர்கள் குழம்பைக் கருகவிட்டதால் வந்த பெயராம். காட்சி மனத்தை நிறைப்பது. ஆனால் இடையிடையே சமதரை வரும், அங்கே வேகம் இல்லாவிட்டால் கோல்களை ஊன்றித் தள்ளிக்கொண்டே போக வேண்டும் என்பதால் சிறுபிள்ளைகள் களைத்துவிடுவார்கள்.

சாலை விதிபோல் மலைக்கும் விதி உண்டு. பிள்ளைகளுக்கு நாங்கள் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றைத்தான்: உனக்கு முன்னே, கீழே போகிறவருக்கே வழியுரிமை, அவரைத் தவிர்த்துப் போவது மேலிருந்து வரும் உன் பொறுப்பு. நிற்க வேண்டுமானால் பாதையின் ஓரத்தில், மேலிருந்து வருபவர் கண்ணில் படும் இடத்தில் நிற்க வேண்டும். இன்னொன்று, மரங்களுக்குள் போகக் கூடாது. ஆழ்ந்த பனி விழும் கடலோர மலைகளில், தாழ்ந்த கிளைகள் பனியைத் தாங்கிக்கொள்வதால் அடிமரத்தைச் சுற்றி மேலே தெரியாத குழி உருவாகிறது. தலைகீழாக அதில் விழுந்தவர் தாமாக வெளிவருவது மிகக் கடினம், மூச்சடைத்து இறந்தவர்களும் உண்டு.

இனி நான்காம் நாளுக்கு வருகிறேன். வெயில் நாள்; கிராமத்தில் எட்டுப் பாகை. மார்ச் மாதத்தில் மலையின் தாழ்வான பகுதி இரவில் உறைந்து காலையில் கண்ணாடிபோல் கெட்டியாக இருக்கும், பிற்பகலில் உருகி ஈரமாவுபோல் கனத்துவிடும். அன்று காலை ஒன்பது மணியிலிருந்து எமரால்டிலேயே சுற்றினோம். மதியம் ஃபிளாஸ்கில் கொண்டுபோயிருந்த சூடான ரசத்தையும் ரொட்டியையும் அவசரமாக முடித்துக்கொண்டு மறுபடி கிளம்பினோம். மூன்றரை மணிக்கு ஒலிம்பிக் ஸ்டேஷன் வரை இறங்கி வந்தபோது, மனைவி பைண்டிங்கைக் கழற்றிவிட்டு, “ஏங்க, கால் நடுங்குது, இங்கேருந்து கொண்டோலாவிலேயே எறங்கிடலாமா?” என்றாள். நிலையம் இருபதடி தூரத்தில் இருந்தது. நான், “இதுவும் பச்சைப் பாதைதான், இன்னும் கொஞ்ச தூரம்தானே, கிராமத்து வாசலுக்கே சறுக்கிப் போய் நிற்கலாம்” என்றேன். பிள்ளைகளும் ஆர்வமாகத் தலையாட்டினார்கள். அவள் மறுபேச்சின்றி மறுபடி பூட்ஸைப் பூட்டிக்கொண்டாள்.

கிராமத்துக்கு இறங்கும் அந்தக் கடைசிப் பாதை வரைபடத்தில் பச்சைதான். ஆனால் மாலையில் மலையிலுள்ள பெருங்கூட்டம் அதன்வழியேதான் வீடு திரும்புகிறது. நாள் முழுதும் நூற்றுக்கணக்கானோர் உழுத பனி, முழங்கால் உயர மேடுகளாகக் குவிந்திருந்தது. பாதி வழியில், ஒரு மேட்டைச் சுற்றித் திரும்ப முயன்ற மனைவியின் இடது ஸ்கீ ஈரப்பனிக்குள் புதைந்து நின்றுவிட்டது. உடம்பு மட்டும் திரும்பியது. வேகம் சிறிதும் இல்லை. மெதுவாக, உட்காருவதுபோல் விழுந்தாள். ஸ்கீ கழலவில்லை. பைண்டிங் கால் எலும்பைக் காப்பதற்காக வடிவமைக்கப்பட்டது. மெதுவான முறுக்கலில் முழங்காலின் தசைநாரை அதனால் காக்க முடிவதில்லை என்று பின்னர் மருத்துவர் விளக்கினார்.

அடுத்து செய்ய வேண்டியதை அருகே நின்ற ஓர் அந்நியர் செய்தார். தம் ஸ்கீகளைக் கழற்றி, எங்களுக்குச் சற்று மேலே பனியில் பெருக்கல் குறிபோல் குறுக்காக நட்டார். ‘இங்கே ஒருவர் விழுந்திருக்கிறார்’ என்று மேலிருந்து வருபவருக்குச் சொல்லும் உலகப் பொதுக்குறி அது. நான் மீட்புக் காவலர்களை அழைத்தேன்; அவர்களுடைய எண்ணை முதல் நாளே கைபேசியில் பதிந்துவைத்தது நான் செய்த நல்ல காரியங்களில் ஒன்று. எழுப்பி நிறுத்தவோ பூட்ஸைக் கழற்றவோ வேண்டாம் என்று அழைப்பிலேயே சொன்னார்கள். காவலர் இருவர் வந்தார்கள். மூத்தவர் முழங்காலைத் தொடும் முன்பு பெயர், இடம், என்ன கிழமை என்று கேட்டு அவள் தலையில் அடிபடவில்லை என்பதை உறுதிப்படுத்திக்கொண்டார். காலை அசையாதபடி கட்டி, பனியில் இழுத்துச் செல்லும் படகு வடிவச் சறுக்குவண்டியில் படுக்கவைத்து, போர்வையும் தார்ப்பாயும் சுற்றி வார்களை இறுக்கினார்கள். முகம் மட்டும் வெளியே தெரிந்தது. அவள் அழவில்லை, “பிள்ளைங்களை மெதுவா கூட்டிட்டு வாங்க” என்று மட்டும் சொன்னாள். படகின் முன்கைப்பிடிகளுக்கு நடுவே நின்று மற்றக் காவலரான இளைஞர் சிறிதும் குலுங்காமல் கீழிறக்கிச் சென்றதை, மகனின் கையைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றேன்.

முழங்காலின் உட்புறத் தசைநார் பாதி கிழிந்திருந்தது. அறுவை சிகிச்சை தேவையில்லை, ஆறு வாரம் கட்டுப்பட்டையும் உடற்பயிற்சியும் போதும் என்றார்கள். எங்கள் ஒண்டாரியோ மருத்துவ அட்டை வேறு மாகாணத்து மருத்துவருக்குச் செல்லுபடியானது. கட்டுப்பட்டை, ஊன்றுகோல் ஆகியவற்றுக்கு அது பொருந்தாது, ஆம்புலன்ஸ் தேவைப்பட்டிருந்தால் அதுவும் எங்கள் செலவே. வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் பயணக் காப்பீட்டில் குளிர்கால விளையாட்டு சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று வரிவரியாகப் படித்துப் பாருங்கள். பல பாலிசிகளில் அது விலக்கப்பட்டிருக்கும். வான்கூவரிலிருந்து வாடகைக் காரில் வருபவர்களுக்கு இன்னொன்று: அக்டோபர் முதல் மார்ச் முடிய அங்கிருந்து விஸ்லருக்கு வரும் நெடுஞ்சாலையில் குளிர்கால டயர் கட்டாயம், வண்டியை எடுக்கும்போதே சரிபாருங்கள். லிஃப்ட் சீட்டைப் பருவம் தொடங்கும் முன்பே வாங்கிவிட்டால் பெருந்தொகை மிச்சம்; அன்றன்றைக்கு வாங்கினால் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 200 டாலரையும் தாண்டும்.

ஐந்தாம் நாள் யாரும் ஸ்கீயைத் தொடவில்லை. மனைவிதான், “மலையைப் பார்க்காம ரூமிலேயே உட்கார்ந்திருக்கணுமா?” என்று கிளப்பினாள். ஊன்றுகோலுடன் கொண்டோலாவில் மேலே போய், இரு மலைகளையும் இணைக்கும் பீக் டு பீக் கொண்டோலாவில் ஏறினோம். 2008இல் திறக்கப்பட்ட அது 4.4 கிலோமீட்டர் தூரத்தைப் பதினொரு நிமிடத்தில் கடக்கிறது. நடுவே மூன்று கிலோமீட்டருக்கு ஒரு தூண்கூட இல்லை, பள்ளத்தாக்கின் அடி 436 மீட்டர் கீழே. அந்த உயரத்திலிருந்து பார்த்தபோதுதான், நாங்கள் நாள் முழுக்கச் சுற்றிய எமரால்டு பகுதியிலிருந்து கிராமத்து வாசல் எவ்வளவு தொலைவு என்பது எனக்கு விளங்கியது. ‘கொஞ்ச தூரம்தானே’ என்று நான் சொன்னதை மனைவியிடம் நினைவுபடுத்தி மன்னிப்புக் கேட்டேன். அவள் கீழே கிடந்த ஓடையைப் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டே, என் கையை மட்டும் அழுத்தினாள்.

கடைசி நாள் அவள் ரவுண்ட்ஹவுஸின் சன்னலோரம் ஒரு புத்தகத்துடன் அமர்ந்துகொள்ள, நானும் பிள்ளைகளும் எமரால்டில் சறுக்கினோம். இம்முறை காலையிலேயே நேரத்தைக் குறித்துக்கொண்டோம்: இரண்டரை மணிக்கு நிறுத்தம், எங்கே நின்றாலும் அங்கிருந்து கொண்டோலா. முக்கால் மணிக்கு ஒருமுறை, கால் கேட்காவிட்டாலும் ஓய்வு. ஒன்றே முக்கால் இருக்கும். லிஃப்ட் வரிசைக்கு முன்னால் மகன் நின்றான். ஒரு காலைத் தூக்கிப் பார்த்தான், மற்ற காலைத் தூக்கிப் பார்த்தான். “அப்பா, போதும். தொடை வலிக்குது. அம்மாகிட்ட போகலாம்” என்றான். இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறதே என்று மகள் ஒருமுறை என்னைப் பார்த்தாள். பிறகு அவளும் குனிந்து கோலின் முனையால் பைண்டிங்கை அழுத்தினாள். கொண்டோலாவில் நால்வரும் இறங்கினோம். ஒலிம்பிக் ஸ்டேஷனைத் தாண்டும் முன்பே அவன் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல்.